ஒரே இடத்தையே எத்தன தடவ வரையறது?

மொட்டமாடி: ஆறு மாசமா வாட்டர்கலர் பழகுறேன், எங்கயும் போக முடியல, எங்க மாடி, தண்ணி டேங்க், பக்கத்து வீட்டு முருங்கை மரம், இதையே வரைஞ்சு வரைஞ்சு சலிச்சுப் போச்சு. ஊட்டி கீட்டி போனாத்தான் ஐடியா வருமா?

வேப்பங்குச்சி: ஊட்டிலாம் வேணாம் ப்ரோ. ஃப்ரெஞ்சு ஓவியர் மோனே 1890-91ல வீட்டுக்குப் பக்கத்து வயல்ல இருந்த கதிர்ப்போர மட்டும் 25 படம் கிட்ட வரைஞ்சிருக்காரு. நாலஞ்சு கேன்வாஸ் வெச்சுக்கிட்டு வெளிச்சம் மாற மாற அடுத்ததுக்குத் தாவுறது. பனி விழுந்த படத்துல நிழல் நீலமா இருக்கும், ஜூம் பண்ணிப் பாருங்க. உங்க டேங்க காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போட்டுப் பாருங்க.

கத்தரிப்பூ: கற்பனைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஓவியர் ஆன்ரி ரூசோ காடு, புலின்னு வரைஞ்சாரே, மனுஷன் ஃப்ரான்ஸ விட்டே வெளிய போனதில்ல. பாரிஸ் தாவரவியல் பூங்கா கண்ணாடி வீட்ல செடியப் பாத்துட்டு வந்து இலைய ஆள் உயரத்துக்குப் பெருசாக்கிட்டாரு. இத்தனைக்கும் சுங்கம் வசூலிக்கிற வேல, 49 வயசுலதான் விட்டாரு. உங்க முருங்கைலயும் ஒரு புலிய உக்கார வைங்க.

மொட்டமாடி: முருங்கைல புலி உக்காந்தா கிளை ஒடிஞ்சிரும்ங்க 😄 நாளைக்குக் காலைல டேங்க்லேந்து ஆரம்பிக்கிறேன்.