ஷட்டர் வேகம் எல்லாமே தவறு, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாக வேண்டும்

காவிரிக்கரை (வியாழன், இரவு 9.40)
வணக்கம். என் கேமராவில் ஷட்டர் மெதுவாக ஓடுகிறது. இன்று சோதித்தேன். 1000 (அதாவது 1/1000 நொடி) வைத்தால் 370 வருகிறது, 500 வைத்தால் 270. ஞாயிறு ஆடிப்பெருக்கு. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் எடுப்பதற்கென்று ஒரே ஒரு ஸ்லைடு பிலிம் சுருள் வைத்திருக்கிறேன். அடித்தகட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை முறுக்கினால் வேகம் கூடும் என்று படித்தேன். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எத்தனை சுற்று? அவசரம்.

பழையலென்ஸ் (9.52)
என்ன கேமரா என்று சொல்லவில்லையே. ஷட்டர் துணித்திரையா, உலோகத் தகடா, லென்ஸுக்குள் இருக்கும் இதழ் ஷட்டரா? ஸ்பிரிங் இருக்கும் இடமே ஒவ்வொன்றிலும் வேறு.

இருட்டறை (10.05)
இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதாத மாதமே கிடையாது. மாடல் இல்லை, எதை வைத்து அளந்தார் என்பது இல்லை, மற்ற வேகங்கள் எப்படி என்பது இல்லை. ஆனால் எத்தனை சுற்று என்பது மட்டும் உடனே தெரிய வேண்டும். மருத்துவரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி மாத்திரை கேட்பீர்களா? முதலில் இந்த மன்றத்தின் பழைய இழைகளைப் படியுங்கள் தம்பி.

செவ்வொளி (10.20)
எந்தக் கேமராவானாலும் நோய் ஒன்றுதான்: மசகு காய்ந்து பசையாகிவிட்டது. என் மூன்று கேமராக்களிலும் அதுதான். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பிறகு பிலிம் இல்லாமல் நூறு முறை தட்டுங்கள். ஓடிவிடும்.

கடிகாரப்பட்டறை (10.31)
செவ்வொளி, தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் நிற்காது, பரவும். திரை சுற்றும் உருளையின் முனையில் விட்ட சொட்டு திரைக்குப் போகும். திரை ரப்பர் பூசிய பட்டாக இருந்தால் அந்த ரப்பரை எண்ணெய் கெடுத்துவிடும். கைக்கடிகார எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைப்பார்கள், அதுவும் பழைய பசையைத் துடைத்த பிறகுதான். காய்ந்த பசையின்மேல் எண்ணெய் விட்டால் முதல் வாரம் நன்றாக ஓடும், பிறகு முன்னைவிட மோசமாகும்.

செவ்வொளி (10.44)
ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது ஐயா. ஒரு திரையும் கெடவில்லை.

கடிகாரப்பட்டறை (10.50)
அளந்து பார்த்தீர்களா, ஓடுகிறது என்று மட்டும் தெரியுமா?

செவ்வொளி (10.58)
படம் நன்றாக வருகிறது. அதைவிட என்ன அளவு வேண்டும்? நெகட்டிவ் பிலிம் ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு வெளிச்சம்) கூடினாலும் தாங்கும். வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100 பிலிமுக்கு 1/125. நம் ஊர்களில் இந்தக் கணக்கிலேயே காலம் தள்ளியவர்கள் எத்தனை பேர்!

பழையலென்ஸ் (11.06)
அவர் ஸ்லைடு என்று எழுதியிருக்கிறார். ஸ்லைடில் அரை ஸ்டாப் கூடினாலே வெள்ளைச் சேலை வெளுத்துப்போகும். நண்பரே, மாடலைச் சொல்லுங்கள்.

மதுரைவாசி (11.15)
வீட்டில் பழைய குழாய் டி.வி. இருந்தால் வேறு கருவியே வேண்டாம். நம் பி.ஏ.எல். ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 15,625 கோடுகள். பின்கதவைத் திறந்து டி.வி.யின் முன் பிடித்து, 1/1000இல் தட்டும்போது பின்னாலிருந்து பார்த்தால் பதினைந்து, பதினாறு கோடு உயரத்துக்கு ஒரு வெளிச்சப் பட்டை தெரியும். 1/500இல் முப்பத்தொன்று. பக்கவாட்டில் ஓடும் துணித்திரை என்றால் பட்டை சாய்வாக விழும், அது தவறல்ல. ஒரு முனையில் பட்டை மெலிந்தால்தான் கவலைப்பட வேண்டும்: ஷட்டரைத் திறக்கும் முதல் திரையும் மூடும் இரண்டாம் திரையும் ஒரே சீராக ஓடவில்லை என்று பொருள். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் திறந்த பின்பக்கத்தில் மெழுகுத்தாளை ஒட்டி, லென்ஸை டி.வி.மீது குவித்து, செல்போனால் படமெடுத்து எண்ணுங்கள்.

காவிரிக்கரை (வெள்ளி, காலை 7.10)
மன்னிக்கவும், வேலை முடிந்து தூங்கிவிட்டேன். பென்டாக்ஸ் கே1000. ஒரு கடையில் சர்வீஸ் செய்ததாகச் சொல்லித்தான் விற்றார்கள். ஒளி உணரி ஒன்றை நானே பற்றவைத்து, செல்போனின் மைக் துளையில் செருகி, ஒலிப்பதிவில் வரும் மேட்டின் அகலத்தை அளந்தேன். 250க்கு 175, 125க்கு 103, 60க்கு 55. பேட்டரி மாற்றியும் பார்த்தேன், அதே எண்கள்தான்.

இருட்டறை (7.34)
கே1000இல் பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரியைக் கழற்றினாலும் எல்லா வேகமும் ஓடும். இதுகூடத் தெரியாமல் ஸ்பிரிங்கில் கை வைக்க நினைப்பதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன். 1976இல் தொடங்கி 1997 வரை தயாரித்த கேமரா அது. உங்களுடையது முதல் வருடங்களைச் சேர்ந்ததாக இருக்கலாம். அந்த வயதில் 1000 சரியாக இருக்கும் என்பதை நான் நம்ப மாட்டேன்.

கடிகாரப்பட்டறை (8.15)
தம்பி, அடித்தகட்டைத் திறக்காதீர்கள். உங்கள் எண்களை மில்லிசெகண்டாக மாற்றிப் பார்த்தேன். 1000க்கு 2.7, 500க்கு 3.7, 250க்கு 5.7, 125க்கு 9.7. வர வேண்டியவை 1, 2, 4, 8. நான்கிலும் கூடுதல் ஒரே 1.7. திரை மந்தமாக ஓடினால் இப்படி வராது, ஒரே விகிதத்தில் பெருகும்: 1000 இரண்டாக ஆனால் 500 நான்காக ஆகும். வேகம் எதுவானாலும் ஒரே அளவு கூடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது அளவுகோலை.

உங்கள் உணரி 5 மி.மீ. குமிழ்தானே? இந்தக் கேமராவில் வேகமான அமைப்புகளில் ஷட்டர் முழுதாகத் திறப்பதே இல்லை. இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு பிளவு ஓடுகிறது. 36 மி.மீ. தூரத்தைக் கடக்கச் சுமார் 12 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், மில்லிசெகண்டுக்கு 3 மி.மீ. 1/1000இல் பிளவின் அகலமே 3 மி.மீ.தான். அந்தப் பிளவு 5 மி.மீ. குமிழின் ஓர் ஓரத்தைத் தொட்டதிலிருந்து மறு ஓரத்தை விட்டு நீங்கும்வரை 8 மி.மீ. ஓட வேண்டும். 2.7 மில்லிசெகண்ட் அங்கேதான் வந்தது. பிலிமின் ஒரு புள்ளிக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைப்பதில்லை.

குமிழின்மேல் கறுப்பு டேப் ஒட்டி, ஊசியால் ஒரு துளை போடுங்கள். பிலிம் இருக்கும் தளத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்து, திரை புறப்படும் பக்கம், நடு, முடியும் பக்கம் என மூன்று இடங்களில் அளங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை.

செவ்வொளி (8.40)
அப்படியானால் மசகு காயவில்லை என்கிறீர்களா?

கடிகாரப்பட்டறை (8.47)
காய்ந்திருக்கலாம். இந்த எண்கள் அதைச் சொல்லவில்லை.

காவிரிக்கரை (சனி, இரவு 8.20)
ஐயா, ஊசித் துளை போட்டேன். மில்லிசெகண்டில், புறப்படும் பக்கம், நடு, முடியும் பக்கம் என்ற வரிசையில்: 1000க்கு 1.1, 1.0, 0.6. 500க்கு 2.1, 2.0, 1.6. 250க்கு 4.1, 4.0, 3.6. 125 எல்லா இடத்திலும் ஏறக்குறைய 8. மதுரைவாசி சொன்ன டி.வி. பக்கத்து வீட்டில் கிடைத்தது. 1000இல் பட்டை ஒரு பக்கம் மெலிகிறது.

இருட்டறை (8.31)
1000 சரியாக இருக்காது என்று சொன்னேன்.

கடிகாரப்பட்டறை (8.55)
சொன்னீர்கள், உண்மைதான். ஆனால் மெதுவாக அல்ல, ஓர் ஓரத்தில் வேகமாக. தம்பி வேகத்தைக் கூட்ட ஸ்பிரிங்கை முறுக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

இரண்டாம் திரை போகப் போக முதல் திரையை நெருங்குகிறது. 1000இல் முடியும் பக்கம் முக்கால் ஸ்டாப் இருட்டாகும், ஸ்லைடில் வானம் ஒரு பக்கம் கறுத்து நிற்கும். 500இல் மூன்றில் ஒரு ஸ்டாப். 250இல் கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு 250, எஃப் 11. நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100க்கு அதுவே கணக்கு. ஆற்று நீர் கண் கூசும் அளவுக்கு மின்னினால் மீட்டர் அப்படியே காட்டுவதை நம்பாமல் உள்ளங்கையை வெயிலில் நீட்டி அதை அளந்து, அதைவிட ஒரு ஸ்டாப் கூட்டிவையுங்கள்.

பழுது பிறகு. முதல் திரையின் உருளை முனைகளில் பழைய பசை இழுக்கிறதா என்று பார்த்து, துடைத்து, மறுபடி அளந்த பிறகுதான் ஸ்பிரிங். அப்போதும் முதல் திரையை முறுக்கிக்கொண்டே போகாதீர்கள், திரையை இழுக்கும் பழைய நாடாக்கள் தாங்காது. துடைக்கும் திரவம் திரையில் படவும் கூடாது.

பழையலென்ஸ் (9.02)
ஸ்லைடு எந்த வகை, எங்கே கழுவக் கொடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கும் ஒரு சுருள் இருக்கிறது.

காவிரிக்கரை (ஞாயிறு, அதிகாலை 4.50)
250, எஃப் 11. குறித்துக்கொண்டேன். பஸ் வந்துவிட்டது. நன்றி ஐயா.

செவ்வொளி (செவ்வாய், மாலை 6.15)
என் கேமராவிலும் ஊசித் துளை வைத்து அளந்தேன். 500இல் மூன்று இடத்திலும் மூன்று எண். கடிகாரப்பட்டறை ஐயா, நீங்கள் சொல்லும் கைக்கடிகார எண்ணெய் எந்தக் கடையில் சிறு புட்டியாகக் கிடைக்கும்?

மதுரைவாசி (7.40)
படங்கள் எப்படி வந்தன, காவிரிக்கரை?