தரம் ஒன்றில் எந்த மொழி?

உவர்மலைத் தம்பி, காலை 7.10
அனைவருக்கும் வணக்கம். மகளை அடுத்த ஆண்டு தரம் 1 இல் சேர்க்க வேண்டும். ஆங்கில மொழிமூலம் கற்பிக்கும் சர்வதேசப் பாடசாலை ஒன்றைப் பார்த்து வந்தோம். வீட்டில் தமிழ் பேசுகிறோம்தானே, பாடசாலையில் ஆங்கிலம் இருந்தால் இரண்டும் கைகூடும் என்று நினைக்கிறோம். பெரியவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

திருக்கடலூர்ப் பெரியப்பா, காலை 7.32
மகன், ஆங்கிலம் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால், மழை எப்படிப் பெய்கிறது என்பதைத் தனக்குத் தெரிந்த மொழியில் கேட்கிற பிள்ளை உடனே திருப்பிக் கேள்வி கேட்கும். தெரியாத மொழியில் கேட்கிற பிள்ளை வாக்கியத்தை மனனம் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். வகுப்பறையில் இதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். வீட்டுத் தமிழ் சாப்பாடு, குளிப்பு, உறக்கம் என்பதோடு நின்றுவிடும். வாசிக்கவும் எழுதவும் வாதிடவும் பாடசாலைதான் பழக்க வேண்டும்.

கொழும்பு அக்கா, காலை 7.50
பெரியப்பா, தம்பியின் பயமும் நியாயமானதே. மருத்துவமும் பொறியியலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழில் உயர்தரம் படித்துவிட்டுச் செல்பவர்கள் முதலாம் ஆண்டில் மிகவும் சிரமப்படுகிறார்கள்.

திருக்கடலூர்ப் பெரியப்பா, காலை 8.15
உண்மைதான் பிள்ளை. அதற்கு ஆங்கிலப் பாடத்தைப் பலப்படுத்த வேண்டுமேயொழிய, அடித்தளத்தை மாற்றக்கூடாது. சில அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 6 இலிருந்து இருமொழி வகுப்பும் உண்டு. நமது திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த விபுலானந்த அடிகளார் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்றவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானவர். பழந்தமிழரின் யாழைக் கணிதத்தின் துணையோடு ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. இரண்டு மொழியிலும் ஆழமாக நின்றதால்தான் அது அவரால் முடிந்தது.

தம்பலகாமம் சின்னம்மா, காலை 9.05
கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620 களில் இடித்து, அந்தக் கற்களையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். ஆனாலும் அந்தக் கோயிலைப் பாடிய சம்பந்தரின் பதிகத்தை அவர்களால் இடிக்க முடியவில்லை. தானத்தார், வரிப்பத்தார் என்ற கோயில் தொண்டர்கள் செய்ய வேண்டிய தொண்டுகளைக் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் செய்யுளாகவே காத்துத் தந்தது. இவற்றை நாளை யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை. ஆங்கில மொழிமூலம் படிக்கும் என் பேரன் "நிரைகழ லரவம்" என்ற பதிகத்தை ஆங்கில எழுத்தில் தாளில் எழுதிவைத்துத்தான் பாடுகிறான். குரல் இனிமையாகவே இருக்கிறது. பொருளைக் கேட்டால் தாளைப் பார்க்கிறான்.

உங்கள் சித்தப்பா நெல் சூடடிக்கும் களவெட்டியில் மாடுகளை வளைத்துக்கொண்டு பாடிய பொலிப்பாட்டு இன்னும் அவருக்கு நினைவிருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் களவெட்டியும் இல்லை, பாட்டுக்கு வேலையும் இல்லை. எழுதிவைக்க எனக்குக் கண் தெரியவில்லை, மக்களே.

உவர்மலைத் தம்பி, காலை 9.40
சின்னம்மா, பாடசாலைக்கு இன்னும் பணம் கட்டவில்லை. மனைவியோடு பேசி, தமிழ் மொழிமூலம் சேர்ப்பதைப் பற்றி முடிவெடுக்கிறேன். ஆனால் ஆங்கிலத்துக்கு நல்ல ஆசிரியர் கட்டாயம் வேண்டும்.

கொழும்பு அக்கா, காலை 9.48
ஆங்கிலத்தை நான் காணொளி அழைப்பில் கற்பிக்கிறேன். பிள்ளை முதலில் தமிழில் கதை வாசிக்கட்டும். அதே கதையை நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பேன்.

உவர்மலைத் தம்பி, காலை 9.55
மிக்க நன்றி அக்கா. சின்னம்மா, ஞாயிறு காலை மகளையும் கூட்டிக்கொண்டு தம்பலகாமம் வருகிறோம். சித்தப்பா பாடட்டும், நான் பதிவுசெய்து, வரிவரியாக எழுதி இங்கே அனுப்புகிறேன்.