திருகோணமலையில் தமிழில், "மாத்தலாம்" எண்டு சொல்லாத உளவளத்துணை எங்கே?

நெய்தல்:
ஆளுக்கு 22 வயது, தன்பாலீர்ப்பாளர், டவுனில் வீட்டாரோட இருக்கிறார். நித்திரை இல்லை, சாப்பாடும் குறைஞ்சிட்டுது. "கலியாணம் கட்டினா சரிவரும்" எண்டு சொல்லாத, தமிழில் கதைக்கிற உளவளத்துணையாளர் வேணும். ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிஞ்ச முகம் கட்டாயம் நிக்கும். பொலிசுக்கு விசயம் போகுமோ எண்ட பயமும் இருக்கு. எங்க தொடங்குறது?

ஓர்ஸ்ஹில்வாசி:
முதல் போனிலேயே, பேர் சொல்லாமல் கேளுங்கோ: தன்பாலீர்ப்பு உள்ள ஆக்களோட வேலை செய்திருக்கிறீங்களா? இதை மாற்ற வேண்டிய ஒண்டாப் பாக்கிறீங்களா? வீட்டுக்காரர் போன் எடுத்தா என்ன சொல்லுவீங்க?

இரண்டாவது கேள்விக்குத்தான் காதைத் தீட்ட வேணும். நேரே "மாத்தலாம்" எண்டு சொல்றவரை உடனே தெரிஞ்சிடும். "நான் எல்லாரையும் மதிக்கிறன், ஆனா நீங்க விரும்பினா அந்த எண்ணத்தைக் குறைக்கலாம்" எண்டு பக்குவமாச் சொல்றவர்தான் ஆபத்து. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் விளங்கும். ஓமோன் ஊசி, விரதம், பொம்பிளை பாக்கிற கதை வந்தால் எழும்பிடுங்கோ.

உலக சுகாதார ஸ்தாபனம் 1990 இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்திட்டுது. அந்தப் பட்டியலின்ர பழைய பதிப்பான ஐசிடி-10 இல், தன்ர நாட்டத்தை ஏற்க முடியாமல் மாத்த விரும்புற ஆக்களுக்கு எஃப்66.1 எண்டு ஒரு மிச்சம் கிடந்தது. 2022 இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 இல் அதுவும் இல்லை. அந்த எண்ணை எழுதுற டொக்டர் பழைய புத்தகத்தில் நிக்கிறார்.

கொழும்பில் 2004 இல் தொடங்கின, தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக வேலை செய்யிற ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பைக் கேட்டுப் பாருங்கோ. தமிழில் கதைக்கிறவர் எந்த நாள், எந்த நேரம் இருப்பார் எண்டதை முதலே கேளுங்கோ. ஒன்லைனில் கிடைச்சால் கொழும்பு பஸ் ஏறத் தேவையில்லை.

கடலூரான்:
நித்திரையும் சாப்பாடும் போயிருந்தால் அரச ஆஸ்பத்திரி மனநலப் பிரிவை ஒதுக்காதேங்கோ. மனச்சோர்வுக்கு மருந்து வேணுமெண்டால் அங்க இலவசம். பாலியல் நாட்டத்தைப் பற்றி முதல் நாளே சொல்லக் கட்டாயமில்லை, நித்திரைப் பிரச்சினையெண்டு தொடங்கலாம்.

மாட்டுறது கிளினிக் கொப்பியில்தான். அது வீட்டில் மேசையில் கிடக்கும், ஆரும் புரட்டுவினம். "இதில என்ன எழுதப் போறீங்க?" எண்டு டொக்டரிட்ட நேராக் கேளுங்கோ, மனச்சோர்வு எண்டு மட்டும் எழுதினால் காணும், பொய்யும் இல்லை.

சட்டம்: தன்பாலுறவுக்கு எதிராப் பாவிக்கிற தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கு, ஆனால் அவை செயலைப் பற்றினவை. நான் இப்பிடிப்பட்டவன் எண்டு உளவளத்துணையாளரிட்டச் சொல்றது குற்றமில்லை. ரகசியம் உடையிற இடம் வேற: உயிருக்கு ஆபத்து எண்டு பட்டால் அவர் வேற ஆளுக்குச் சொல்லலாம். அந்த எல்லையை முதல் நாளே கேட்டு வையுங்கோ.

நெய்தல்:
நன்றி. ஒன்லைன் எண்டால் வீட்டில் தனி அறை இல்லையே?

ஓர்ஸ்ஹில்வாசி:
கமெராவை நிப்பாட்டிப்போட்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பதிலைத் தட்டச்சில் அனுப்பலாம். இடையில் ஆரும் வந்தால் என்ன சொல் அனுப்பினால் நிறுத்துறது எண்டு முன்கூட்டியே பேசி வையுங்கோ. வட்சப் அறிவிப்பில் செய்தி தெரியாமல் அணைச்சு விடுங்கோ, கனபேர் பிடிபடுறது அதாலதான்.

சாகலாம் எண்ட கதை வந்தால் நல்ல ஆளைத் தேடிக்கொண்டு நிக்காமல் 1926 க்கு அடியுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம். ஏற்கெனவே நஞ்சு ஏதும் குடிச்சிட்டார் எண்டால் 1990 க்கு அடியுங்கோ, அது அம்புலன்ஸ்.