முதிர்ந்தோருக்கு ஏற்ற விளையாட்டு எது?

ஹட்டன் வாசகர்: உறையில் 18 என்று அச்சிட்ட கணினி விளையாட்டுகளில் இரத்தமும் நிர்வாணமும் மிகுந்திருக்கின்றனவே தவிர, பிள்ளைகளை வளர்த்துக் கடனும் கட்டி வாழும் என் போன்றவருக்குச் சிந்திக்க ஒன்றும் கிடைப்பதில்லை. ஒரு விளையாட்டை உண்மையாகவே முதிர்ந்தோருக்கு உரியதாக்குவது எது?

பண்டாரவளை ஆசிரியை: ஐயா, விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் இடும் ஐரோப்பாவின் பெகி அமைப்பு 2003 முதல் வழங்கும் அந்த எண், சிறுவரிடமிருந்து எதை விலக்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. என்னைப் பொறுத்தவரை, செய்த தெரிவின் சுமையை நம் தலையிலேயே விட்டுவைப்பதுதான் அளவுகோல். லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்' விளையாட்டில், கற்பனை நாடொன்றின் எல்லைச்சாவடியில் ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலராக அமர்கிறோம். சரிபார்த்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே சம்பளம், அதிலிருந்துதான் குடும்பத்தின் உணவும் மருந்தும். கணவனின் பத்திரங்கள் சரியாக இருக்க, மனைவியிடம் அனுமதிப்பத்திரம் இல்லாதபோது என்ன செய்வீர்கள்? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தக் கணம் வெறும் விளையாட்டாக இருக்க முடியாது.

பதுளையிலிருந்து: ஆசிரியை சொல்வது சரியே. போஸ்னியப் போரில் சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டதன் தாக்கத்தில் உருவாகி 2014இல் வந்த 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாட்டு, படைவீரரை விட்டுப் பொதுமக்களைப் பற்றிப் பேசுகிறது. முதிய தம்பதியிடம் திருடினால், திருடியவரே மனம் உடைந்து போகிறார். ஆனால் துயரம் மட்டுமே முதிர்ச்சி என்று கொள்ள வேண்டாம்; வேலை முடிந்து களைத்து வருபவரின் நேரத்தை மதித்து, விரும்பிய இடத்தில் நிறுத்தவிடுவதும் முதிர்ச்சிதான்.

ஹட்டன் வாசகர்: நன்றி. என்னிடம் பழைய கணினியே உள்ளது. முதலாவது விளையாட்டு அதில் இயங்குமா?

பண்டாரவளை ஆசிரியை: 2022 முதல் அது கைப்பேசியிலும் கிடைக்கிறது, ஐயா.