சாந்தன்பாறைக்கு மேலே ஒரு மண்வீடு: கட்டலாமா, பன்றியைச் சுடலாமா?

மேலக்காட்டான்:
போடிதான் ஊர். மாமனார் வழியில் கேரளாவில், இடுக்கிப் பக்கம் சாந்தன்பாறைக்கு மேலே 80 சென்ட் வந்திருக்கிறது. பட்டயம், அதாவது பட்டா உண்டு. கரண்டுக் கம்பம் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதை இழுத்து வர எனக்குக் காசும் இல்லை, ஆசையும் இல்லை. கல்லும் மண்ணும் வைத்து ஒரே அறை, ஒரு திண்ணை, மேலே ரெண்டு சோலார் தகடு, ஓடையிலிருந்து ஓஸ். மாதம் பத்து நாள் போய் இருந்தால் போதும்.

இன்னொன்று. இடம் முழுக்கக் காட்டுப்பன்றி உழுது போட்டிருக்கிறது. எங்கள் தாத்தா அந்த மலையில் மிளா, கேழையாடு எல்லாம் அடித்துச் சாப்பிட்டவர். கேரளாவில் இப்போது பன்றியைச் சுடலாம் என்கிறார்கள். ஏர்கன்னுக்கு லைசென்ஸே வேண்டாமாம். என் இடத்துக்கு வரும் பன்றியை நானே சுட்டு நானே குழம்பு வைத்தால் யாருக்கு என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைமலை:
ரெண்டும் வேண்டாம். யானை நடக்கிற இடத்தில் வீட்டைக் கட்டிவிட்டு, அப்புறம் யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று கத்துவது. போதும் இந்தக் கதை.

கோம்பைக்காரன்:
பச்சைமலை எந்த மாடியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார் என்று தெரியவில்லை. தம்பி, கட்டு. பன்றி வந்தால் அடி. காட்டை ஒட்டி இருக்கிறவன் மூணு தலைமுறையாக அப்படித்தான் இருந்தான். கோம்பை நாய் எதற்கு வளர்த்தார்கள், வாசலில் கோலம் காக்கவா?

சட்டப்புள்ளி:
சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதை அப்புறம் திட்டுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. சுருக்கு வைப்பது, நாயை விட்டு விரட்டுவது, இரை வைத்து இழுப்பது எல்லாம் வேட்டைதான். சொந்த நிலம் என்பதால் விலக்கு கிடையாது. காட்டுப்பன்றி இப்போது அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட விலங்குகள் பட்டியலில் இருக்கிறது.

ஏர்கன் விஷயத்தில் பாதி சரி. 2016 ஆயுத விதிகள்படி 0.177 அங்குலத் துளைக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்டதை வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம். வைத்திருக்கலாம், அதைக் காட்டு விலங்கின் மேல் நீட்டினால் வழக்கு. அதோடு அந்தக் குண்டு பன்றியைக் கொல்லாது. காயம்பட்ட பன்றி உங்கள் திண்ணைப் பக்கம் திரும்பும்.

கேரளா விஷயம்: 2022 மே மாதத்திலிருந்து பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வந்திருக்கிறது. பயிரை அழிக்கிற பன்றி என்று நீங்கள் பஞ்சாயத்தில் சொல்ல வேண்டும். பட்டியலில் இருக்கிற, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் ஆள் வந்து சுடுவார். நீங்கள் இல்லை. விஷம், வெடி, கரண்டு கூடாது. செத்த பன்றியை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைப்பார்கள். காட்டு விலங்கின் உடல் அரசாங்கச் சொத்து. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகக் கொன்றால் குற்றமில்லை, அப்போதும் உடல் உங்களுடையது இல்லை. குழம்பு கனவை விட்டுவிடுங்கள்.

கோம்பைக்காரன்:
பன்றி அரசாங்கச் சொத்து. சரி. என் கடலை யார் சொத்து?

மலை அடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் கடலை, வரப்பில் மொச்சை. போன ஐப்பசியில் ஒரே ராத்திரி, பதினைந்து இருபது உருப்படி இறங்கியது. காலையில் போனால் கொடி வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. போட்டோ எடுத்து, அடங்கல் வாங்கி, மனு எழுதி ஒரு அலுவலகத்தில் கொடுத்து ஏழு மாதம் ஆச்சு. அடுத்த போகமும் போட்டாகிவிட்டது.

நம் தமிழ்நாட்டுப் பக்கம் 2025 ஜனவரியில் வந்த அரசாணையைப் படித்துப் பாருங்கள். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால்தான் வனத்துறை ஆள் சுடுவார். என் நிலம் காட்டிலிருந்து 400 மீட்டர். பன்றி எங்கே அதிகம் வருகிறதோ அங்கேதான் தடை. இதை எழுதினவர் பன்றியிடம் கேட்டு எழுதினாரா?

சட்டப்புள்ளி:
அந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. காட்டை ஒட்டிய ஒரு கிலோமீட்டரில் சிறுத்தையும் யானையும் சேர்ந்தே நடக்கும், இருட்டில் சுடுகிறவன் எதைச் சுடுகிறான் என்று தெரியாது என்பது அவர்கள் வாதம். அதற்கு நஷ்டஈடாவது சீக்கிரம் வர வேண்டும், வருவதில்லை. ஆனால் அண்ணே, உங்கள் வழக்கு வேறு, இவர் வழக்கு வேறு. நீங்கள் பயிரைக் காக்கக் கேட்கிறீர்கள். இவர் பொழுதுபோக்குக்கும் கறிக்கும் கேட்கிறார். தாத்தா பேச்சும் செல்லாது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையிலேயே இருக்கிற பழங்குடிகள், பளியரும் முதுவரும் மன்னானும் தேன் எடுக்க, கிழங்கு எடுக்க உரிமை பெற்றது 2006 வன உரிமைச் சட்டத்தில். அந்தச் சட்டமே வேட்டையை மட்டும் தனியாக விலக்கி வைத்திருக்கிறது. அவர்களுக்கே இல்லாதது போடியிலிருந்து வார விடுமுறைக்குப் போகிறவருக்கு எங்கிருந்து வரும்?

மேலக்காட்டான்:
வார விடுமுறை இல்லை அண்ணே, மாதம் பத்து நாள். சரி, கறியை விட்டேன். வீட்டைச் சொல்லுங்கள்.

ராயப்பன்பட்டி ராஜா:
வேலிக் கம்பியில் நேரா கரண்டு விடுங்க. ஒரே ராத்திரி, மறுநாள் ஒரு பன்றி வராது.

ஏலத்தோட்டம்:
ராஜா, 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளிப் பக்கம் ஒருத்தர் இதைத்தான் செய்தார். மூணு யானை விழுந்தது, குட்டிகள் பக்கத்தில் நின்று அழுதன. கம்பியைத் தொடுவது பன்றி மட்டும்தான் என்று யார் சொன்னது? விடிகாலையில் ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகள் தொடமாட்டார்களா? தவிர, அவர் கரண்டே இல்லாமல் வீடு கட்டத்தான் வழி கேட்கிறார்.

பேட்டரியில் ஓடும் சோலார் வேலி வேறு. அதில் விட்டு விட்டுத் துடிப்புதான் வரும், சுள்ளென்று உதைக்கும், கொல்லாது. அதற்கும் தமிழ்நாட்டில் 2023 விதிப்படி அனுமதி வேண்டும். பன்றிக்கு முதல் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் வேலி செத்தது. வாரம் ஒருமுறை செதுக்கணும். செதுக்க முடியாதவர் வாங்கக்கூடாது.

பச்சைமலை:
ஏலத்தோட்டம் ஐயா, நீங்களாவது சொல்லுங்கள், அங்கே வீடு தேவையா?

ஏலத்தோட்டம்:
நான் நாற்பது வருஷமாக அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன், என்னையும் இறங்கச் சொல்வீர்களா? சாந்தன்பாறை, பூப்பாறை, சின்னக்கானல் முழுக்கத் தமிழ் சனம் நிறைந்த ஊர்கள். நாங்கள் யானையோடுதான் இருக்கிறோம். அதைச் சொல்லித் தருகிறேன் தம்பிக்கு.

முதலில் காகிதம். கையில் இருப்பதை நம்பாதே, வில்லேஜ் ஆபீசில் போய்ப் பார். ஏலமலைக் காடு, அதுதான் சி.எச்.ஆர்., அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதுப் பட்டயத்துக்குத் தடை போட்டது. உன்னுடையது பழைய பட்டயம் என்றாலும் எதற்குக் கொடுத்தது என்று உள்ளே எழுதியிருக்கும். விவசாயத்துக்கும் குடியிருக்கவும் கொடுத்த நிலத்தில் நீ குடியிருக்கலாம். அறையை வாடகைக்கு விட்டாய் என்றால் வம்பு. மூணாறைச் சுற்றி சில கிராமங்களில், சாந்தன்பாறை அதில் ஒன்று, கட்டுவதற்கு முன் வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று, அதான் என்ஓசி, வேண்டும். ஒரே அறைதானே என்று விட்டால் நாளைக்கு வேலையை நிறுத்தச் சொல்லி ஸ்டாப் மெமோ ஒட்டுவார்கள். சொந்த இடத்து மரம் என்று தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி பக்கம் கை வைக்காதே. அதெல்லாம் சர்க்கார் மரம். வயநாட்டு முட்டிலில் பட்டய நிலத்து ஈட்டியை வெட்டிய விவகாரம் அதில்தான் வெடித்தது. கூரை தாங்கும் கைமரத்துக்குச் சில்வர் ஓக் வாங்கிக்கொள்.

ரெண்டாவது, எங்கே கட்டுவது. காட்சி நன்றாக இருக்கிறது என்று சரிவின் நுனியிலோ ஓடையின் மடியிலோ கட்டாதே. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயத்தின் மேல் மலை இறங்கி 70 பேர் போனார்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தேயிலைக்குப் போன குடும்பங்கள்தான் அதில் அதிகம். வெயில் காலத்தில் இடம் பார்க்காதே. ஆடி மழையில் குடையோடு போய் நில். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே கலங்கி வருகிறது, எந்த மரம் வளைந்து நிற்கிறது என்று பார்.

மண்சுவர்:
கட்டுமானம் என் வேலை, அதனால் நான் கொஞ்சம். மண்சுவர் மழையில் கரையும் என்று பயப்படுகிறார்கள். மேலிருந்து விழுவதில் அவ்வளவாகக் கரையாது, தரையில் பட்டுத் தெறிக்கிற தண்ணீர்தான் அடியைத் தின்னும். அதனால் ரெண்டு அடிக்குக் குறையாமல் கருங்கல் அடித்தளம், கூரையின் இறவாரம் மூணு அடி வெளியே. மேல்மண் கருப்பாக இருக்கும், சருகு மட்கியது, வேர் நிறைந்தது, அது ஆகாது. ரெண்டு அடி தோண்டிக் கீழ் மண்ணை எடுங்கள். பிசைந்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். பொலபொலவென்று சிதறினால் மணல் அதிகம். அப்பளமாக உட்கார்ந்தால் தண்ணீரோ களியோ அதிகம். ரெண்டு மூணு துண்டாக உடைந்தால் அதுதான் மண். சுவரைப் பங்குனிக்குள் முடித்து, வெயிலில் காயவிட்டு, வைகாசி முடிவதற்குள் கூரை ஏறிவிட வேண்டும்.

கூரைக்கு நான் புல் சொல்வேன். குளிர்ச்சி, கணப்பு ரெண்டும் தாங்கும்.

ஏலத்தோட்டம்:
புல் வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் என்ன நடந்தது? அந்த மலைக்காரனுக்குப் புல் என்றால் பெட்ரோல். மாசியில் எங்கிருந்தோ ஒரு பொறி வந்தால் உன் கூரைதான் முதல் விறகு.

மண்சுவர்:
தகரம் ஆடிக் காற்றில் தமிழ்நாட்டுக்குப் பறந்து வரும், பரவாயில்லையா?

ஏலத்தோட்டம்:
ஓடு போடு. கைமரத்தைச் சுவரோடு கம்பி வைத்துக் கட்டு. ஜோலி முடிந்தது.

மண்சுவர்:
ஓட்டில் குரங்கு நடக்கும். சரி, உங்கள் மலை, உங்கள் பேச்சு. ஓடே இருக்கட்டும்.

கரண்டுக் கணக்கு: நாலு 9 வாட் பல்பு அஞ்சு மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. போன், ரேடியோ எல்லாம் சேர்த்து 300 வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் காற்றாடி வேண்டாம். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி, பாதிக்குமேல் எடுத்தால் பேட்டரி போகும், ஆக 900. மூடுபனி கட்டி நின்றாலும் மூணு நாள் தாங்கும். 330 வாட் தகடு ரெண்டு, வெயில் நாளில் ரெண்டரை யூனிட் தரும், ஆடியில் அதில் கால்வாசி வந்தாலே பெரிது. தண்ணீருக்கு மோட்டார் தேவையில்லை. ஊற்று வீட்டுக்குப் பத்து மீட்டர் மேலே இருந்தால் ஓஸிலேயே நல்ல வேகம் வரும். கோடைக்குத் தார்ப்பாய் விரித்த படுதாக்குளம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.

தேவாரத்து மருமகள்:
ஆம்பிளைகள் பேட்டரி வரைக்கும் வந்துவிட்டீர்கள், கக்கூஸ் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. ஊற்றுக்கு மேலே குழி எடுத்துவிடாதீர்கள், நாங்கள் எடுத்துவிட்டு மறுபடி மூடினோம். அப்புறம் அந்தக் கோம்பை நாய்ப் பேச்சு. எங்கள் வீட்டுக்காரர் ஆசையாகக் கொண்டு வந்து திண்ணையில் கட்டினார். மூணாம் வாரம் சங்கிலி மட்டும் இருந்தது. நாய் இருக்கிற வீட்டுக்குச் சிறுத்தை தேடி வரும். கட்டினால் ராத்திரி உள்ளே கட்டுங்கள்.

கோம்பைக்காரன்:
அக்கா சொல்வது நாய் வளர்க்கத் தெரியாத கதை.

தேவாரத்து மருமகள்:
ஆமாம் அண்ணே, சிறுத்தைக்கும் அது தெரியவில்லை போல.

மேலக்காட்டான்:
யானைக்கு என்ன செய்வது?

ஏலத்தோட்டம்:
அரிக்கொம்பன் யானையைக் கேள். அரிசிக்காகப் பன்னியார் ரேஷன் கடையை எத்தனை தடவை உடைத்தான்! 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றில் விட்டார்கள். ஒரு மாதத்தில் கம்பம் தெருவில் நின்றான், அப்புறம் முண்டந்துறைக்குக் கொண்டு போனார்கள். அவனுக்கு வீட்டின் மேல் கோபம் இல்லை, உள்ளே இருந்த அரிசி மேல்தான் ஆசை. ஆகவே வீட்டில் அரிசி மூட்டை, உப்பு, வாழைத்தார், பலாப்பழம் வைத்துவிட்டுப் பூட்டிப் போகாதே. போகும்போது கொண்டு போ, வரும்போது துடைத்து எடுத்து வா. சாராய ஊறல் போடுகிற சகவாசமும் வேண்டாம். வீட்டைச் சுற்றி வாழை, கரும்பு நடாதே. ஏலமும் மிளகும் இருந்தால் போதும்.

பச்சைமலை:
இவ்வளவு நிபந்தனையோடு ஒருவர் இருப்பாரானால் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் இவரைப் பார்த்து அடுத்தவர் ரெண்டு மாடி போடுவார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கோம்பைக்காரன்:
என் கடலைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

மேலக்காட்டான்:
முடிவு இது. ஆடி முடியும் வரைக்கும் ஒரு கல் வைக்கப் போவதில்லை. நாளைக்கு வில்லேஜ் ஆபீஸ். ஆடியில் குடையோடு போய் நிற்கிறேன். கறி போடி சந்தையில் வாங்கிக்கொள்கிறேன். ஏலத்தோட்டம் ஐயா கூட வருவீர்களா? அட்டைப்பூச்சிக்கு உப்பு மூட்டை கட்டி எடுத்து வரட்டுமா?

ஏலத்தோட்டம்:
வருகிறேன். புகையிலை எடுத்து வா. உப்பு வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னேன்.