செர்ஸ் வந்தால் யாருக்கு யோகம்?

மூவறை மணி:
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பழைய புளோக்கை, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தை, எடுத்துக்கொண்டு புது வீடு தரும் செர்ஸ் திட்டம் ஏழைகளை நொடியச் செய்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். 1961-ல் புக்கிட் ஹோ சுவீ தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்த மாதிரி கம்பங்களை (குடிசைக் கிராமங்களை) மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால் நம் கதி என்ன? செர்ஸில் சந்தை விலை, அருகிலேயே வீடு, 99 ஆண்டுப் புதுக் குத்தகை. இன்னும் என்ன வேண்டும்?

ஈசூன் அக்கா:
தம்பி, எந்த வீட்டுக்குச் சந்தை விலை? அங் மோ கியோ அவென்யூ 3-ல் 562 முதல் 565 வரையான புளோக்குகளை 2022 ஏப்ரலில் செர்ஸுக்கு எடுப்பதாக அறிவித்தார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் கழிந்துபோன குத்தகைக்குத்தான் அந்த விலை. புது வீட்டின் விலையோ 99 ஆண்டுக்கு. கடனை அடைத்து முடித்த எழுபது வயதுக்காரர், அதே அளவு வீட்டுக்கு மறுபடி காசு போடுவதா? அந்த வயதில் யார் கடன் தருவார்கள்? மசேநியில்தான் (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதியில்) எவ்வளவு மிச்சம் இருக்கும்? சத்தம் எழுந்த பிறகுதான் ஜூலையில் 50 ஆண்டுக் குத்தகையும் எடுக்கலாம் என்றார்கள்.

மூவறை மணி:
வந்ததல்லவா? 50 ஆண்டு எடுத்தால் கைக்காசு போடாமலே மாற வழி இருக்கிறது. 99 வேண்டுமென்றால் அது பிள்ளைக்குச் சேர்க்கும் சொத்து, அதற்கு ஊரார் வரிப்பணமா? செர்ஸ் கிடைப்பதே மொத்த வீவக வீடுகளில் ஐந்து விழுக்காட்டுக்குத்தான். மற்றவர்களில் சிலருக்கு 2018-ல் அறிவித்த வெர்ஸ் (குடியிருப்பாளர்கள் வாக்களித்து, குத்தகை முடியும் முன்பே வீட்டை அரசிடம் விற்கும் திட்டம்) வரலாம். இல்லையென்றால் குத்தகை முடிந்ததும் வெறுங்கையோடு கிளம்ப வேண்டியதுதான்.

டக்கோட்டா பேரன்:
சொந்த வீட்டுக்காரர் கதையையே பேசுகிறீர்களே! வாடகைக்குக் குடியிருப்பவருக்குச் சந்தை விலையும் கிடையாது, சொத்தும் கிடையாது. அரசு வாடகை வீடுகள் இருந்த டக்கோட்டா கிரசண்ட் பேட்டை 1958-ல் கட்டியது. 2016 முடிவுக்குள் காலி செய்யச் சொன்னார்கள். பலருக்கு காசியா கிரசண்டில் வாடகை வீடு கொடுத்தார்கள், நடந்தே போகிற தூரம்தான். ஆனால் வீடு சிறியது. பழைய இடத்தில் கதவைத் திறந்தால் ஆள் முகம் தெரியும், ஒருவர் விழுந்தால் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வருவார். தனியாக இருக்கும் முதியவருக்கு வாடகையைவிடப் பெரிய விஷயம் இதுதான். ஆள்கள் போன பிறகு, 2017 கடைசியில், 17 புளோக்குகளில் 6-ஐப் பாதுகாப்பதாக அறிவித்தார்கள். சுவர் தப்பித்தது, போங்கள்.

மூவறை மணி:
பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வீடு எடுக்கச் செர்ஸில் ஏற்பாடு இருக்கிறதே, ஆறு குடும்பம் வரை?

ஈசூன் அக்கா:
அது வீடு வாங்குகிறவர்களுக்கு. டக்கோட்டாவுக்கு வந்தது செர்ஸே இல்லை, மணி.