மென்பந்து வீச்சில் கையுறை அணிந்த கைக்கு என்ன வேலை?

கேட்டவர்: தோட்டத்துத் தந்தை, சுங்கை சிப்புட்

வணக்கம். என் மகள் இரண்டாம் படிவத்தில் படிக்கிறாள். பள்ளி மென்பந்து (softball) குழுவில் பந்து வீசுகிறாள், வலக்கைப் பழக்கம். செம்பனைத் தோட்டத்தில் எங்கள் லயன் வீடுகளுக்கு எதிரே இருக்கும் திடலில், மாலையில் நான்தான் அவள் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்காருகிறேன். வீசும் கை நல்ல வட்டமாகச் சுழல்கிறது, வேகமும் இருக்கிறது. ஆனால் பத்துப் பந்தில் நான்கைந்து அவளுடைய இடப்பக்கமாக விலகிவிடுகின்றன. நேற்று உற்றுப் பார்த்தேன்: பந்தை விடும் நேரத்தில், கையுறை அணிந்த இடக்கை கதவைத் தள்ளித் திறப்பதுபோல் வெளியே விரிந்து முதுகுப் பக்கம் போய்விடுகிறது, உடலும் அவளுக்கு இடப்பக்கம் உள்ள முதல் தளத்தை (first base) நோக்கிச் சாய்கிறது. முன்பு பயிற்சி கொடுத்த ஒருவர், அந்தக் கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கையுறையால் தொடையில் ஓங்கி அடித்தால் வேகம் வரும் என்று சொல்லியிருந்தார். தொடை சிவந்ததுதான் மிச்சம். சில நாள்களாகத் தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்றும் சொல்கிறாள். வீசாத கைக்கு உண்மையில் என்ன வேலை என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதில்: முன்னாள் வீச்சாளர், தைப்பிங்

ஐயா, நீங்கள் பார்க்க வேண்டிய இடத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். வீசும் கையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு, அவளுக்கு வலப்பக்கம் உள்ள மூன்றாம் தளத்தின் பக்கமிருந்து வீச்சைக் கவனியுங்கள். இரு கைகளும் சேர்ந்துதான் முன்னே எழ வேண்டும். பின்காலால் தரையை உந்தும்போது அந்த எழுச்சி உடலைக் கேட்சரை நோக்கி நீளச் செய்கிறது. வீசும் கை உச்சியை, அதாவது பன்னிரண்டு மணியைத் தொடும்போது, மார்பு மூன்றாம் தளத்தின் பக்கம் திறந்திருக்கும். கையுறை தோள் உயரத்தில் கேட்சரைச் சுட்டும். அதன் பிறகுதான் இரு கைகளும் பிரிகின்றன. வீசும் கை பின்புறமாகக் கீழே இறங்க, கையுறைக் கை முன்புறமாகவே கீழே இறங்கி, முன்கால் ஊன்றி உறுதிப்படும் நேரத்தில் விலாவுக்கு அருகில் வந்து அடங்க வேண்டும்.

உங்கள் மகளிடம் அது அடங்குவதற்குப் பதிலாக முதல் தளத்தின் பக்கம் வீசி எறியப்படுகிறது. கை போகும் பக்கம் தோளும் போகும். இடத்தோள் பின்னால் இழுபட, மார்பு முன்கூட்டியே கேட்சரின் பக்கம் திரும்பிவிடும். வீசும் கையோ இன்னும் பின்னால் கிடக்கும். பிந்திவரும் அந்தக் கை, நேர்கோட்டில் இடுப்பை உரசி வருவதை விட்டு உடலுக்குக் குறுக்கே வளைந்து வருவதால்தான் பந்து இடப்பக்கம் ஓடுகிறது. விரலிலோ மணிக்கட்டிலோ பிழையைத் தேட வேண்டாம்.

தொடையில் அடிக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எனக்கும் சிறு வயதில் அதைத்தான் பழக்கினார்கள். அந்தச் சத்தத்தை நான் வேகம் என்று நம்பினேன். இன்னொன்று, அவள் அணிவது பெரியவர்களின் கையுறையா? கனமான கையுறை கையின் நுனியில் தொங்கினால் பதினான்கு வயதுப் பிள்ளையால் அதை நேரத்துக்கு நிறுத்த முடியாது.

பதில்: இயற்பியல் ஆசிரியர், கூலிம்

முந்தைய பதிலுக்குத் துணையாக ஒரு விளக்கம். சுழலும் நாற்காலியில் மகளை உட்காரவைத்து, இரு கைகளிலும் நீர் நிறைந்த போத்தல்களைக் கொடுத்து, மெல்லச் சுற்றிவிடுங்கள். கைகளை விரித்தால் சுழற்சி தளரும், மார்போடு சேர்த்தால் விரையும். கையுறைக் கை உடலோடு ஒட்டி வரும்போது இடுப்பும் தோளும் எளிதாகத் திரும்புவது இதனால்தான்.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. வீசும் கை முன்னிருந்து மேலே, மேலிருந்து பின்னே என்று சுற்றும்போது, அதற்கு எதிர்வினையாக உடல் முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். கையுறைக் கை முன்னிருந்து கீழே இறங்குவது இதற்கு நேர் எதிரான சுழற்சி. ஆகவே அது உடலின் கவிழ்வில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறது. அதே கை பக்கவாட்டில் போனால் இந்த உதவி கிடைக்காது.

பதில்: உடலியக்கச் சிகிச்சையாளர், ஈப்போ

தோள்வலியைப் பொறுத்துக்கொண்டு வீசச் சொல்லாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழிருந்து வீசுவதால் தோளுக்குச் சேதமில்லை என்ற நம்பிக்கை தவறானது. பந்தை விடும் தறுவாயில் மேற்கையைத் தோள்குழியிலிருந்து வெளியே இழுக்கும் விசை, ஏறத்தாழ வீசுபவரின் உடல் எடைக்கு நிகராக இருக்கும். அந்த நேரத்தில் முழங்கையையும் கட்டுப்படுத்துவது மேற்கையின் முன்தசை. அதன் தசைநாண் தோளின் முன்பக்கத்தில்தான் பதிகிறது, உங்கள் மகள் வலிக்கிறது என்று காட்டும் அதே இடத்தில். உடல் சாய்ந்தால், காலும் இடுப்பும் தர வேண்டிய விசையைத் தோளே ஈடுகட்டும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் உவேனோ யுகிகோ இரண்டு நாள்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வென்றதைக் காட்டி, பிள்ளைகளை அளவின்றி வீசச் சொல்பவர்கள் உண்டு. வளர்ந்த, பல்லாண்டு பயின்ற உடலின் கணக்கை வளரும் எலும்புக்குப் பொருத்தக் கூடாது. வலி நீங்கும்வரை ஓய்வு கொடுங்கள். நீங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் புட்டத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி அளிக்கலாம்.

கேட்டவர்: தோட்டத்துத் தந்தை

மூவருக்கும் நன்றி. பள்ளியில் கொடுத்த கையுறை பெரியவர்களுடையதுதான். என் கைக்கே அது தளர்வாக இருக்கிறது. மகளை வீசவிடவில்லை. பந்தில்லாமல், இடப்பக்கம் ஒரு முழம் தள்ளிச் சமூக மண்டபத்துச் சுவர் இருக்கும்படி நிற்கவைத்து, மெதுவாக அசைவை மட்டும் செய்யச் சொன்னேன். முதல் நான்கு முறை அவளுடைய புறங்கை சுவரில் உரசிச் சுண்ணாம்பு ஒட்டியது. ஐந்தாம் முறை கையுறை நேரே நீண்டு, விலாவோரம் வந்து நின்றது. “அப்பா, இப்போது முன்கால் தரையைப் பிடிக்கிறது” என்றாள்.